ஒளி செல்லும் நார்

வீட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுக்க வருபவர்கள் செப்புக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்றை இழுப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது மயிரிழை போன்ற கண்ணாடி நார். அதில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. ஒளி நேர்கோட்டிலே செல்லும் என்றுதானே பள்ளியிற் படித்தோம்? வளைந்து கிடக்கும் நாருக்குள் அது எப்படிச் செல்கிறது?

இன்றிரவே பிள்ளைகளுடன் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் அடிப்பக்கத்தில் பென்சில் பருமனில் துளையிட்டு, நீர் நிரப்பி, விளக்கை அணைத்துவிடுங்கள். துளைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து டோர்ச் அடியுங்கள். நீர் வளைந்து விழும். அதைக் கையில் ஏந்தினால் உள்ளங்கையில் வெளிச்சம் தெரியும். 1854இல் இலண்டனில் ஜோன் டிண்டால் சபையோருக்குக் காட்டியதும் இத்தகைய நீர்த்தாரையே. அவருக்கு முன்னரே ஜெனீவாவில் டானியல் கொலடொன் இதைச் செய்திருந்தார்.

நீரிலிருந்து காற்றுக்கு வெளியேற முயலும் ஒளிக்கதிர், செவ்வனுடன் ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சரிந்து வந்தால் வெளியே போகாது. முழுவதும் உள்ளேயே தெறிக்கும். நீர்த்தாரையின் சுவரில் மீண்டும் மீண்டும் தெறித்தே கைக்கு வந்து சேர்கிறது. ஆக, ஒளி வளையவில்லை. முட்டி முட்டிப் போகிறது. (மிக நுண்ணிய நார்களில் ஒளியை அலையாகவே கணிக்க வேண்டும், தொடங்குபவருக்கு இப்படம் போதும்.)

கண்ணாடி நாரிலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் வெறும் கண்ணாடியில் தூசியோ எண்ணெயோ பட்டால் அவ்விடத்தில் ஒளி கசிந்துவிடும். ஆகவே முறிவுச் சுட்டி சற்றுக் குறைந்த வேறொரு கண்ணாடியை உறையாக அமைக்கின்றனர். தூர இணைப்புகளில் ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்குரோன். உறையோடு சேர்த்து 125 மைக்குரோன்.

உண்மையான இடர் வேறிடத்தில் இருந்தது. 1960களின் நார்களில் 20 மீற்றர் செல்வதற்குள் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே எஞ்சியது. கண்ணாடி இதற்கு உதவாது என்று பலர் கைவிட்டனர். ஷங்காயிற் பிறந்து இங்கிலாந்தின் ஹார்லோ ஆய்வுகூடத்தில் வேலை செய்த சார்ள்ஸ் காவோ அப்படி எண்ணவில்லை. குற்றம் கண்ணாடியில் அன்று, அதிற் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகளில் என்று 1966இல் ஜோர்ஜ் ஹொக்கமுடன் எழுதினார். ஒரு கிலோமீற்றரின் முடிவில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அதைக் கடந்தனர். இன்றைய நல்ல நாரில் 100 கிலோமீற்றர் சென்ற பின்னரே ஒளி அந்த அளவுக்குக் குறைகிறது! காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி எப்படிப் போகிறது? லேசர் ஒளியை அணைத்தும் ஏற்றியும்தான். ஏற்றினால் 1, அணைத்தால் 0. செக்கனுக்குக் கோடிக்கணக்கான தடவை இது நடக்கிறது. கடலடிக் கேபிள்களில் வழிநெடுக ஒளிபெருக்கிகள் உண்டு.

இத்தொழிலைப் பழகும் இளைஞர் வீட்டிலிருந்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள். நாரில் வருவது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. வெளிச்சம் இல்லையென்று எண்ணி வெட்டிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. வெட்டும்போது சிதறும் துண்டுகளும் தோலில் ஏறினால் தேடி எடுப்பது கடினம். அவற்றை மூடியுள்ள டப்பாவிலே போட வேண்டும்.