பல் ஆடுதா? பிடுங்கச் சொல்வதற்கு முன் கடியைப் பாருங்க

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பெரிய இயந்திரம் சாதாரணச் சக்கரத்தில் நிற்பதில்லை. அகலமான செயின் பட்டைகள் மேல் நிற்கிறது. எடை பரவலாக இறங்கினால்தான் தரை தாங்கும். ஒரே இடத்தில் குவிந்தாலோ, தரை இளகியிருந்தாலோ சிக்கல்தான். நம் வாய்க்குள்ளும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

பல் எலும்பில் ஆணி மாதிரி அடிக்கப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதில் இருக்கும் நார் இழைகள்தான் பல்லைத் தாங்கிப் பிடிக்கின்றன. முழு பலத்தோடு கடித்தால் கடைவாயில் 50 கிலோவுக்கு மேல்கூட அழுத்தம் வரலாம். சாப்பிடும்போது அவ்வளவு வராது. பல்லும் பல்லும் முட்டும் நேரமும் ஒரு நாளில் கொஞ்சம்தான். அதனால் இழைகள் தாங்கிவிடுகின்றன.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அழுத்தம் அதிகம், நேரமும் அதிகம். வேடிக்கை என்னவென்றால், கடிப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தனியாகத் தூங்குபவருக்கு அதைச் சொல்லவும் ஆள் இல்லை. எழுந்ததும் தாடை வலி, பல் முனைகள் தேய்ந்து தட்டையாவது போன்றவைதான் அடையாளம்.

வேறு காரணங்களும் உண்டு. புதிதாக வைத்த ஃபில்லிங்கோ கேப்போ கொஞ்சம் உயரமாக இருந்தால் கடி முழுக்க அந்த ஒரு பல்லில் விழும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் பக்கத்துப் பல் காலி இடத்துப் பக்கம் சாயும், எதிர்ப்பல் இறங்கும் அல்லது ஏறும். பிறகு கடி கோணலாகத்தான் விழும்.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று: கடி அழுத்தம் மட்டுமே ஈறு நோயை உண்டாக்குவதில்லை. ஆரோக்கியமான ஈறு என்றால், அதிக அழுத்தத்தில் பல் கொஞ்சம் ஆடும். அழுத்தத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் மறுபடி இறுகிவிடும். ஈறு நோய்க்கு மூல காரணம் பல்லில் படியும் கிருமிப் படலமும், அது கெட்டியாகி உண்டாகும் காரையும்தான். ஈறு வீங்கி எலும்பு கரையத் தொடங்கிய பல் மீது தப்பான கடியும் சேர்ந்தால் ஆட்டம் அதிகமாகிறது. கட்டுப்படாத சர்க்கரையும் புகையிலையும் ஈறு நோயை இன்னும் மோசமாக்கும். புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். ‘எனக்கு ரத்தமே வரலையே’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கையைக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலை மேல்வரிசைப் பற்களின் வெளிப்பக்கம் ஈறை ஒட்டி லேசாக வையுங்கள். பல்லை மெதுவாகத் தட்டித் தட்டிக் கடியுங்கள். ஏதாவது ஒரு பல் மட்டும் விரலில் அதிர்ந்தாலோ தள்ளினாலோ, அதில் கடி அதிகமாக விழுகிறது என்று அர்த்தம். டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

‘கிளீனிங் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பயம் நம் ஊரில் ரொம்பப் பழசு. உண்மையில், எலும்பு கரைந்த பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருக்கலாம். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். முதலில் ஈறைச் சுத்தம் செய்து வீக்கம் குறைந்த பிறகு, கடியைச் சமன் செய்வார்கள். இரவில் கடிப்பவர்களுக்கு நைட் கார்டு. ஆட்டம் தொடர்ந்தால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு. எக்ஸ்கவேட்டரின் செயின் பட்டை மாதிரி, சுமை பல பற்களுக்குப் பிரிகிறது. மேலும் கீழுமாகவே அமுங்கும் அளவுக்கு ஆடும் பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம். அதற்கு முன்பே போய்விட வேண்டும்.

நெய்வேலி சுற்றுவட்டாரத்தினர் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு (முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி) போகலாம். ஈறு நோய்க்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. போனிலேயே மருத்துவ ஆலோசனை கேட்க 104. புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356, கட்டணம் கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கடைசி டெஸ்ட் ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பல் டாக்டரும் அதைக் கேட்பார்.