சிறு படகுக்கு எந்தக் குளிர்பெட்டி? ஐஸா, மெஷினா?



"பெரம்பலூர் மாவட்டத்துல கடலே கிடையாது. சிறுவாச்சூர்க்காரன் படகைப் பத்தி என்னத்த எழுதப் போறான்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மதுரகாளியம்மன் கோயில் உண்டு, திருச்சி - சென்னை நெடுஞ்சாலை உண்டு, மானாவாரிக் காடு உண்டு. அலை மட்டும் இல்லை. ஆனால் கடல் மீன் எங்கள் தெருவுக்கும் வருகிறது. வண்டியின் பின்னால் கட்டிய தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. அந்த மீன் நன்றாக இருக்குமா, கெட்டுப் போயிருக்குமா என்பது பெரும்பாலும் எங்கள் தெருவில் முடிவாவது இல்லை. அது பிடிபட்ட படகிலேயே, முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகி விடுகிறது. ஆகவே இது கடற்கரை மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல.

கேள்வி வந்த விதம்

விடுதியில் என் அறை நண்பன் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். அவன் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் பங்கு போட்டு ஒரு பைபர் படகு வைத்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, இந்த பைபர் படகுகள்தான் பெருகின. சாயங்காலம் போய் மறுநாள் காலையில் கரை சேருவார்கள். ஏலத்தில் ஒரு பகுதி மீன் "நைஞ்சு போச்சு" என்று ஒதுக்கப்பட்டு, பாதி விலைக்குப் போகும். இதற்கிடையில் ஒரு கடைக்காரர், "12 வோல்ட் பிரிட்ஜ் வந்திருக்கு, பேட்டரியில ஓடும், ஐஸ் செலவே கிடையாது" என்று ஆசை காட்டியிருக்கிறார். வட்டிக்கு வாங்கினால்தான் அதை வாங்க முடியும்.

விடுதிக்கு மகனைப் பார்க்க வந்தவர் எங்களிடம் கேட்டார்: "தம்பி, நீங்க ரெண்டு பேரும் இதத்தானே படிக்கிறீங்க? வாங்கலாமா, வேணாமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "பாஸா, பெயிலா?" என்பதுதான் என் படிப்பைப் பற்றி இதுவரை நான் கேட்ட கேள்வி. நான் படிக்கும் பாடத்தை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது என்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெப்பப் பொறியியல் நோட்டை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

முதல் கணக்கு: மீனில் எவ்வளவு வெப்பம்?

60 கிலோ மீன், 30 டிகிரியில் படகுக்குள் வந்து விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதை 0 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டும். மீனின் தன் வெப்பம் ஏறக்குறைய 3.6 கிலோஜூல். எனவே, 60 × 3.6 × 30 = 6480 கிலோஜூல். இவ்வளவையும் மீனிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

ஐஸ் உருகும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 1760-களில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் விளக்கிய உள்ளுறை வெப்பம் இதுதான். பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்கிற அதே எண். 6480-ஐ 334-ஆல் வகுத்தால் சுமார் 19 கிலோ ஐஸ். "அவ்வளவுதானா?" என்று தோன்றும். பொறுங்கள். வெளியிலிருந்து பெட்டிக்குள் கசிந்து வரும் வெப்பத்துக்கும் ஐஸ் வேண்டும். அங்கேதான் பெட்டியின் தரம் வருகிறது.

இரண்டாவது கணக்கு: சுவர் வழியே கசிவு

பெட்டி 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். சராசரிப் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். வெளியே 35 டிகிரி, உள்ளே 0. வெப்பக் கடத்துத்திறன் தெர்மாகோலுக்கு ஏறத்தாழ 0.035, பஃப் என்று சொல்கிற பாலியூரித்தேன் நுரைக்கு ஏறத்தாழ 0.025. பூரியர் விதியில் போட்டுப் பார்த்தால்:

இரண்டரை செ.மீ. தெர்மாகோல் சுவர்: 0.035 × 2.5 × 35 ÷ 0.025 = சுமார் 122 வாட். ஒரு நாளைக்கு சுமார் 32 கிலோ ஐஸ் வீணாக உருகும்.

ஐந்து செ.மீ. பஃப் சுவர்: 0.025 × 2.5 × 35 ÷ 0.05 = சுமார் 44 வாட். ஒரு நாளைக்கு சுமார் 11 கிலோ.

ஒரே அளவுப் பெட்டி. சுவர் மாறியதும் நாளொன்றுக்கு 20 கிலோ ஐஸ் மிச்சம்! மீனைக் குளிர்விக்கவே 19 கிலோதான் வேண்டும் என்று பார்த்தோம். அப்படியானால் மெல்லிய பெட்டிக்காரர் மீனை விடக் காற்றைத்தான் அதிகம் குளிர்விக்கிறார்.

பஃப் பெட்டியில் 19 + 11 = 30 கிலோ போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனாலும் மூடி திறக்கும்போது போகிற குளிர், வெயிலில் காய்கிற மூடி, ஏற்றும்போதே உருகுவது எல்லாம் உண்டு. அதனால்தான் நம் போன்ற வெப்ப நாட்டில் 'ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்' என்பது பொது விதி. அது வெறும் பழக்கம் அல்ல, கணக்கோடு ஒத்துப் போகிற விதி.

சுவரின் மகிமைக்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் ஏரி ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன் ஏற்றியதில், நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் 100 டன் அளவுக்கு மிஞ்சியது. அந்தக் கப்பலில் குளிர்சாதன இயந்திரம் எதுவும் இல்லை. ஐஸ் கட்டிகளை நெருக்கி அடுக்கி, நல்ல வெப்பக் காப்பு கொடுத்ததுதான் தந்திரம். அந்த வியாபாரத்துக்காக 1842-இல் சென்னையில் கட்டியதுதான் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

மெஷின் வகைகள் மூன்று

கடையில் 'குளிர்பெட்டி' என்ற பெயரில் மூன்று வித மெஷின் கிடைக்கும்.

முதலாவது, பெல்டியர் வகை. 1834-இல் பிரான்ஸ் நாட்டு பெல்டியர் கண்ட விளைவில் வேலை செய்வது. விலை குறைவு, கம்ப்ரசர் கிடையாது. ஆனால் பொதுவாக வெளி வெப்பத்தை விட 20 டிகிரி அளவுக்குத்தான் குறைக்கும். வெளியே 35 என்றால் உள்ளே 15. குளிர்பானத்துக்குச் சரி, மீனுக்கு உதவாது.

இரண்டாவது, உறிஞ்சு வகை. கேஸ் அடுப்புச் சுடரிலும் ஓடும். இதை 1922-இல் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள். நம்மைப் போல மாணவர்கள்! ஆனால் உள்ளே திரவம் புவியீர்ப்பால் இறங்கி ஓட வேண்டும், ஆகவே சமதளத்தில் நிற்க வேண்டும். ஆடுகிற சிறு படகில் அதுவும் ஆகாது, சுடரும் ஆகாது.

மூன்றாவது, 12 வோல்ட் கம்ப்ரசர் வகை. இதுதான் உண்மையான பிரிட்ஜ். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். கடைக்காரர் காட்டியது இந்த வகை. இதற்குக் கணக்குப் போட்டோம். 50 வாட் மின்சாரம் எடுக்கிறது, வாட்டுக்கு ஒன்றரை வாட் வீதம் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று வைத்தால் 75 வாட். அதில் 44 வாட் சுவர்க் கசிவுக்கே போய்விடும். மிச்சம் 31 வாட். 6480 கிலோஜூலை எடுக்க சுமார் 58 மணி நேரம் ஆகும். மீனோ மறுநாள் காலையில் ஏலத்துக்குப் போக வேண்டும்!

பேட்டரியையும் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1.2 யூனிட். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 0.6 யூனிட். 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நண்பன் வீட்டு எஞ்சினில் சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டரும் கிடையாது.

ஐஸும் ஒரு பேட்டரிதான்

இங்கேதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. 60 கிலோ ஐஸ் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் 20,000 கிலோஜூல், அதாவது ஐந்தரை யூனிட்டுக்குச் சமம். ஐஸ் பேக்டரியில் பெரிய மெஷின், கரண்டு கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, கரையிலேயே சார்ஜ் ஏற்றிக் கொடுத்த குளிர் பேட்டரி அது. கடலில் பழுதாகாது, வயர் கிடையாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்காது. மீனோடு ஒட்டிக் கிடப்பதால் காற்றை விட வேகமாகக் குளிர்விக்கும். உருகிய தண்ணீர் மீனின் மேல் வழிந்து கழுவியும் விடும்.

போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு நர்சம்மா தோளில் மாட்டி வரும் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குள்ளும் மெஷின் இல்லை. ஐஸ் பேக்கும் நல்ல காப்புச் சுவரும்தான். அந்த மாதிரிப் பெட்டிகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துதான் 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடானது.

ஆகவே நாங்கள் சொன்ன பதில்: "பிரிட்ஜ் வேண்டாம். பஃப் பெட்டி வாங்குங்கள். ஐஸைக் குறைக்காதீர்கள்." கடன் வாங்கவில்லை. பஃப் பெட்டி வந்தது. ஏலத்தில் ஒதுக்கப்படுகிற மீன் குறைந்திருக்கிறது என்று நண்பன் சொல்கிறான்.

பிரிட்ஜே வேண்டாம் என்பது பொருள் அல்ல. பல நாள் தங்கும் பெரிய படகில், சோலார் தகடு வைத்து, சாப்பாட்டுக்கும் இன்சுலின் போன்ற மருந்துக்கும் சின்ன கம்ப்ரசர் பிரிட்ஜ் நல்ல துணை. இன்சுலினை ஐஸோடு ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். சில மணி நேர வண்டிப் பயணத்துக்குத் தெர்மாகோல் பெட்டியும் போதும். வேலைக்குத் தக்க பெட்டி, அவ்வளவுதான்.

பெட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா? பல பெட்டிகளில் மூடி மட்டும் மெல்லிசாக இருக்கும். வெயில் படுவதோ மூடியில்தான்.

2. நுரை, உள்ளும் வெளியும் நன்றாக அடைபட்டிருக்க வேண்டும். விரிசல் வழியே நீர் புகுந்தால் காப்பு போச்சு. நீர், அசையாத காற்றை விட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

3. மூடி ஓரத்தில் ரப்பர் கேஸ்கெட், இறுக்கிப் பூட்டும் கொக்கி இரண்டும் வேண்டும்.

4. அடியில் தண்ணீர் வடிய அடைப்பானோடு துளை வேண்டும். தேங்கிய தண்ணீர் அலையோடு அசைந்து படகின் சமநிலையைக் கெடுக்கும்.

5. நிறைந்த பெட்டி, மீனும் ஐஸும் சேர்ந்து 120 கிலோவுக்கு மேல். இரண்டு ஆள் எடை! படகின் நடுவில், தாழ்வாக, கயிறு போட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

6. வெள்ளை நிறம் நல்லது. மேலே ஈரச் சாக்கு போட்டால் இன்னும் நல்லது.

முக்கியமாக ஒன்று. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை வெயிலில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது, குழம்பு வைத்தாலும் போகாது. எனவே மீன் வலையிலிருந்து வந்தவுடனே, உடைத்த ஐஸை அடியில் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மேலே ஐஸ் என்று போட வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பெட்டியில் ஐஸைப் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்து முதலில் வடிந்த தண்ணீரைக் கொட்டி விடுங்கள். அதற்கு அப்புறம் ஆறு மணி நேரம் வடிகிற தண்ணீரை அளந்து பாருங்கள். மணிக்கு ஒரு லிட்டர் உருகினால் 93 வாட் கசிவு என்று அர்த்தம். நண்பன் வீட்டுப் பழைய சின்னத் தெர்மாகோல் பெட்டியை விடுதி மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். ஆறு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் வடிந்தது, அதாவது 50 வாட்டை ஒட்டிய கசிவு. மூடி ஓரத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியதும் அளவு இறங்கியது. செலவு ஒன்றுமில்லை!

முடிவுரை

நண்பர்களே, கடைக்காரர் பெட்டியின் லிட்டரைச் சொல்வார், விலையைச் சொல்வார். எத்தனை வாட் கசியும் என்று சொல்ல மாட்டார். அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் நம் நோட்டில் இருக்கிறது. மீன் வண்டிக்காரர், பால்காரர், பூ வியாபாரி, ஐஸ் விற்கிற அண்ணன் என்று நம் ஊரிலேயே பெட்டி வைத்துப் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவர்களுடைய பெட்டியில் ஒரு தடவை தண்ணீரை அளந்து பாருங்கள். மூடி ஓரம் கசிந்தால் அன்றைக்கே டியூப் ஒட்டிக் கொடுங்கள். அவர்களுக்கு ஐஸ் காசு மிச்சமாகும், நமக்கும் வெப்பக் கடத்தல் பாடம் மறக்காது.