ஹெல்மெட்டும் தெளிவான பார்வையும்



ஹெல்மெட் அணிவது கட்டாயம் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனாலும் பலருடைய ஹெல்மெட் வண்டியின் டேங்க் மேலேயே பயணம் செய்கிறது. காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றன: "தலை வலிக்கிறது", "மூக்குக்கண்ணாடியோடு போட முடியவில்லை", "முன்னால் சரியாகத் தெரியவில்லை". இவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. இவை உண்மையான சிரமங்களே. சரியாகத் தேர்ந்தெடுத்தால் மூன்றையும் தீர்க்கலாம்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணில் பூச்சி அடித்து இரண்டு நொடி கண்ணை மூடினால், 33 மீட்டர் தூரம் பார்வையில்லாமல் ஓட்டியிருக்கிறோம். ஆகவே தலையைக் காப்பது போலவே கண்ணைத் தெளிவாக வைப்பதும் பாதுகாப்பில் சேர்ந்தது.

1. அளவு பார்த்து வாங்குதல்

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். "மீடியம்", "லார்ஜ்" என்பவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டிக்கரில் உள்ள மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்பதே சட்டவிரோதம்.

கடையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் அணிந்திருங்கள். கன்னம் சற்று அழுந்தினால் நல்லது. நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒத்து வராது. தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அது பெரியது. தளர்ந்த ஹெல்மெட் காற்றில் முன்னே சரிந்து பார்வையை மறைக்கும். விபத்தில் கழன்றும் போகும்.

2. வைசர்

கறுப்பு வைசர் பகல் வெயிலுக்கு இதமாக இருக்கும். அதே வைசரோடு இஷாவுக்குப் பின் வண்டி ஓட்டுவதுதான் ஆபத்து. இருட்டில் நடந்து வருபவரும் விளக்கில்லாத மிதிவண்டியும் கண்ணுக்குப் படாமல் போய்விடுவார்கள். வண்டிக்கு ஒரே ஹெல்மெட் என்றால் நிறமில்லாத வைசரே சரி.

வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பெட்ரோல், தின்னர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை அதைக் கெடுத்துவிடும். ஈரத் துணியைச் சற்று நேரம் மேலே போட்டு அழுக்கை ஊறவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் கீறல் விழும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறும். கீறல் மிகுந்தால் வைசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மழையிலும் பனிக்காலத்து ஃபஜ்ர் நேரத்திலும் மூச்சின் ஈரம் குளிர்ந்த வைசரில் படிந்து புகைபோல் மறைக்கும். காற்றுத் துளைகளைத் திறந்துவையுங்கள். சிக்னலில் வைசரைச் சற்று உயர்த்துங்கள். பின்லாக் எனப்படும் உள் தகட்டைப் பொருத்தும் வசதியுள்ள வைசர்களும் கிடைக்கின்றன. இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள காற்று குளிரைத் தடுப்பதால் புகை படிவது வெகுவாகக் குறையும்.

3. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள்

ஹெல்மெட் வாங்கப் போகும்போது கண்ணாடியையும் அணிந்து சோதியுங்கள். முதலில் ஹெல்மெட், பிறகு கண்ணாடி என்பதே முறை. மெல்லிய, நேரான காதுக்கம்பியுள்ள ஃபிரேம் எளிதாக உள்ளே போகும். தடித்த கம்பி பொட்டில் அழுத்தித் தலைவலி தரும். தாடைப்பகுதியை மேலே தூக்கும் வகை ஹெல்மெட்டில் கண்ணாடியைக் கழற்றாமலே அணியலாம். ஓட்டும்போது தாடைப்பகுதியை மூடியே வைக்க வேண்டும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி ஹெல்மெட்டுக்குள் அவ்வளவாகக் கறுக்காது. அதைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிரைப் பல வைசர்கள் தடுத்துவிடுகின்றன.

4. கூலிங்கிளாஸ்

தரமான கூலிங்கிளாஸில் 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். 4 மிகவும் இருண்டது. வண்டி ஓட்ட ஆகாது. இரவில் எந்தக் கூலிங்கிளாஸும் வேண்டாம். "நைட் டிரைவிங்" என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடியும் கண்ணுக்கு வரும் ஒளியைக் குறைக்கவே செய்கிறது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதை அணிந்தவர்களுக்குச் சாலையில் நடப்பவர் கூடுதலாகத் தெரியவில்லை.

இரவில் விளக்குகள் சிதறியும் கூசியும் தெரிகின்றனவா? கண்ணாடிக் கடைக்கு முன் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சிலிண்டர் பவர், கண்புரை, சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். நம் பெரியவர்கள் இதை வயதின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள்.

5. தொப்பி, ஹிஜாப், பிள்ளைகள்

தடித்த தொப்பியின் மேல் ஹெல்மெட் அணிந்தால் அது மேலே ஏறி நிற்கும். தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் அணியலாம். சகோதரிகள் உள்ளே மெல்லிய பருத்தித் துணி அணிவது நல்லது. ஹெல்மெட்டுக்கு அடியில் ஊசியும் பின்னும் வேண்டாம். கூந்தலை உயர்த்தி முடியாமல் கழுத்தோடு தாழ்த்தி முடியுங்கள். பக்கவாட்டுப் பார்வையைத் துணி மறைக்கக் கூடாது. புர்காவின் ஓரம் சக்கரத்துக்கு எட்டக் கூடாது.

நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 2022-இல் தனி விதி வந்தது: அளவான ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, 40 கி.மீ.க்கு மேற்படாத வேகம். தந்தையின் ஹெல்மெட்டைப் பிள்ளையின் தலையில் கவிழ்ப்பதால் பயனில்லை.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

• பட்டையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து முன்னே தள்ளிப் பாருங்கள். கழன்றால் மாற்றுங்கள்.
• வைசரை இரவில் தெருவிளக்குக்கு நேரே பிடித்துக் கீறலைப் பாருங்கள்.
• ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி அணியாதீர்கள். உள்ளே உள்ள நுரை ஒரு தடவைதான் அடியைத் தாங்கும்.
• நாற்பதைத் தாண்டியவர்கள் கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்தோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில், சம்பாதிக்கும் ஒருவர் சாலையில் விழுந்ததால் நிலைகுலைந்த வீடுகளும் உண்டு. உயிரும் பார்வையும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். அவற்றைப் பேணி வீடு திரும்புவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்