பி.சி.எம். போச்சு என்று முடிவு கட்டும் முன்

வயரிங் வேலைக்கு வருகிறவர்களிடம் சில வருடங்களாக நான் அதிகம் கேட்கிற வாக்கியம், "பி.சி.எம். போயிடுச்சாம், மாத்தணுமாம்" என்பதுதான். பி.சி.எம். என்கிற பாடி கன்ட்ரோல் மாட்யூல் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள சாமான். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டு என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெட்டி நன்றாகவே இருக்கிறது. அதற்குப் போகிற கரண்ட்டிலோ எர்த்திலோ கப்ளரிலோதான் கோளாறு இருக்கும். நல்ல பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதுக்குப் பணம் கட்டுகிற குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்பாசிடர் காலத்தில் ஸ்விட்ச்சிலிருந்து விளக்குக்கு நேராக வயர் போகும். விளக்கு எரியவில்லையென்றால் பல்ப், ஃபியூஸ், ஸ்விட்ச், வயர் என்று நாலைந்து இடம் பார்த்தால் வேலை முடிந்தது. இப்போது இண்டிகேட்டர் லீவரைத் தட்டினால் அது பி.சி.எம்.முக்குத் தகவல் மட்டும்தான் சொல்கிறது. விளக்குக்குக் கரண்ட் கொடுப்பது பி.சி.எம். ஹாரன், வைப்பர், சென்ட்ரல் லாக், உள்விளக்கு, பல வண்டிகளில் ஹெட்லைட், பவர் விண்டோ, இம்மொபிலைசர் எல்லாமே அதன் கையில். அதனால் அதற்கு வருகிற மின்சாரம் கொஞ்சம் தடுமாறினாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு வேலைகள் ஒரே நேரத்தில் கெடும். வைப்பர் நிற்காது, கதவு தானாகப் பூட்டும், மீட்டரில் விளக்குகள் மாறி மாறி எரியும். பார்க்கிறவர் உடனே பெட்டி போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

நான் முதலில் கையில் எடுப்பது ஸ்கேனர் அல்ல. பேட்டரியைப் பார்ப்பேன். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். வயசான பேட்டரி ஒன்றே போதும், பி.சி.எம்.மில் பத்து எரர் கோடு பதிவாகிவிடும். நல்ல பேட்டரியை வைத்து, கோடுகளை அழித்து, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிற கோடை மட்டும் நம்புங்கள்.

அடுத்தது எர்த். என் அனுபவத்தில் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எர்த் வயரைத் தொட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்லது என்றே காட்டும். கப்ளரை மாட்டியபடியே வைத்து, பின்பக்கமாக ஊசியை நுழைத்து எர்த் பின்னைத் தொட வேண்டும். மீட்டரின் இன்னொரு முனை பேட்டரியின் நெகட்டிவ்வில். இப்போது ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். 0.1, மிஞ்சிப் போனால் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சுத்தம். டிங்கரிங், பெயின்ட்டிங் முடிந்து வந்த ஒரு வண்டியில் இதே சோதனையில் 1 வோல்ட்டைத் தாண்டியது. இடது இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கு கூடவே மங்கி மங்கி எரிந்தது. கால் வைக்கிற இடத்தின் ஓரத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் போல்ட்டுக்கு அடியில் புது பெயின்ட். எமரி தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கியதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அந்த ஓனரிடம் புது பி.சி.எம்.முக்கு அட்வான்ஸ் கேட்டிருந்தார்கள்.

சப்ளை பக்கத்துக்கு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு வைத்திருக்கிறேன். கப்ளரைக் கழற்றி, பேட்டரி கரண்ட் வருகிற பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அதைக் கொடுத்தால் பளீரென்று எரிய வேண்டும். மங்கினால் வரும் வழியில் எங்கோ தடை. எந்தப் பின் எது என்று வயரிங் டயகிராமைப் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சிக்னல் வயரிலும், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற கேன் வயரிலும் பல்ப்பைக் கொடுத்து நல்ல பெட்டியைச் சாகடித்தவர்கள் உண்டு.

மழைக்காலத்துக் கதை தனி. ரிட்டயரான ஒரு பெரியவர் வந்தார். "மழை பெஞ்சா மட்டும் ஹாரன் தானா அடிக்குது தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு தெருவே எழுந்திருக்குது" என்றார். "வண்டிய எங்க சார் நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். "வாசல்லதான், தூங்குமூஞ்சி மரத்தடியில." பாதி விடை கிடைத்துவிட்டது. அந்த மரத்தின் பொடி இலைகள் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் விழுந்து, மழைத் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கும். டிரைவர் பக்க மேட்டைத் தூக்கி அடியிலுள்ள ஃபோமை அழுத்தினேன், விரல் நனைந்தது. ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்த பி.சி.எம். கப்ளரை இழுத்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. வரிசையாக இருந்த பின்களில் இரண்டில் பச்சைக் களிம்பு. அந்த இரண்டுக்கும் நடுவே ஈரம் பாலம் போட்டதால், ஹாரனை அழுத்தியதாக பி.சி.எம். நினைத்துக்கொண்டிருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, களிம்பை எடுத்து, அரித்துப்போன பின்னை மாற்றி, நன்றாகக் காய வைத்து மாட்டினோம். இலையை அள்ளிவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி, வடிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை ஒப்படைத்தேன். ஓட்டையைக் கவனிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மழையில் புதிதும் போயிருக்கும். ஏ.சி. தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்தாலும், சன்ரூஃப் வடிகுழாய் அடைத்தாலும் இதே கதைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் புகுந்த வண்டிகள் எத்தனையோ. அப்படி நின்ற வண்டியில் கீயைப் போட்டுப் பார்க்கவே கூடாது. முதலில் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஈரத்தோடு கரண்ட்டும் சேர்ந்தால்தான் செம்பு வேகமாக அரிக்கும். அன்று ஓடிய வண்டி சில மாதம் கழித்துப் படுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்கேனர். மற்ற மாட்யூல்கள் எல்லாம் பேசுகின்றன, பி.சி.எம். மட்டும் பேசவில்லை என்றால் அதன் சப்ளை, எர்த், கேன் வயர் ஆகியவற்றை மறுபடி பார்க்க வேண்டும். எதுவுமே பேசவில்லை என்றால் கேன் லைனிலேயே ஷார்ட்டோ அறுபட்ட வயரோ இருக்கலாம். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டுகிற ஓ.பி.டி. கப்ளரில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் இருப்பதால் மொத்தம் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. நம் ஊரில் அது பெரும்பாலும் எலி செய்கிற வேலை. கேட்வே வைத்த வண்டிகளில் இந்தக் கணக்கு மாறும், டயகிராமைப் பாருங்கள்.

பி.சி.எம். பேசுகிறது, ஆனால் ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை என்றால் ஸ்கேனர் பெரிய உதவி. லைவ் டேட்டாவைத் திறந்து ஸ்விட்ச்சை அழுத்துங்கள். திரையில் மாற்றம் வரவில்லையென்றால் தகவலே போய்ச் சேரவில்லை, கோளாறு ஸ்விட்ச் பக்கம். மாற்றம் வருகிறது, ஆக்டிவ் டெஸ்ட்டில் கட்டளை கொடுத்தும் பி.சி.எம்.மின் அவுட்புட் பின்னில் கரண்ட் வரவில்லை என்றாலும் அவசரப்படாதீர்கள். அந்த லைனில் இருக்கிற மோட்டாரையோ பல்ப்பையோ கழற்றிவிட்டு, இக்னிஷனை ஆஃப் செய்து ஆன் செய்து, சோதனை பல்ப்பைக் கொடுத்துப் பாருங்கள். லோடு அதிகமானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த லைனை பி.சி.எம். தானே நிறுத்திவிடும். 60/55 வாட்ஸ் ஹெட்லைட் பல்ப்பை எடுத்துவிட்டு 100/90 போடுகிறார்களே, அதில் ஒரு பல்ப்புக்கு 5 ஆம்பியர் போன இடத்தில் 8க்கு மேல் போகிறது. ஹெட்லைட் பி.சி.எம். வழியாக எரிகிற வண்டியில் இது நேரடியாக அதன் தலையில் விழுகிற சுமை. பெரிய ஹாரனும் அப்படியே. போட்டே ஆக வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்து வயர் இழுங்கள்.

சப்ளை சரி, எர்த் சரி, கப்ளர் சுத்தம், லோடையும் கழற்றியாயிற்று, அப்போதும் அவுட்புட் வரவில்லை என்றால் மட்டுமே பெட்டி போனதாக முடிவு செய்யலாம். எது அதைக் கொன்றது என்று கண்டுபிடிக்காமல் புதிதை மாட்டாதீர்கள்.

மாற்றும்போது பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில் டாப் எண்டுக்கும் பேஸ் மாடலுக்கும் பெட்டி வேறு. புதுப்பேட்டையில் தேடினால் பழைய பெட்டி கிடைக்கும்தான். ஒருவர் அப்படி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். விளக்கு எரிந்தது, கதவு பூட்டியது, செல்ஃப் மட்டும் அடிக்கவில்லை. இம்மொபிலைசரில் இன்னொரு வண்டியின் சாவி பதிந்திருந்தது. புதுப் பெட்டி வாங்கினாலும் பெரும்பாலும் மாட்டியவுடன் வேலை செய்யாது. சேஸி நம்பரை எழுத வேண்டும், வண்டிக்கு ஏற்ற கோடிங் செய்ய வேண்டும், சாவிகளைப் பதிய வேண்டும். பல வண்டிகளில் பதியும் நேரத்தில் கையில் இல்லாத சாவி பிறகு வேலை செய்யாது. ஆகவே எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கோடிங் நடக்கும்போது பேட்டரிக்கு ஒரு சப்போர்ட் சார்ஜர் கட்டாயம். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் புதுப் பெட்டியே படுத்துவிடலாம். கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஸ்டியரிங் பக்கம் தெரிகிற மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றைத் தொட வேண்டாம்.

வண்டி வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் உங்கள் சாவி விவரமும் கோடிங்கும் அதன் மெமரி சிப்பில் இருக்கும். அவுட்புட் செத்துப்போன பெட்டியிலும் அந்தச் சிப் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. நாளை புதிதில் ஏதாவது சிக்கல் வந்தால், விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் படித்து உங்கள் வண்டியைத் திரும்ப ஓட வைக்க முடியும்.