பெர்டினாண்ட் டேவிட்: பிறர் இசையில் வாழும் ஆசான்

முன்னுரை

ரொமான்டிக் காலத்து வயலின் கலைஞர் என்றவுடன் பலருக்கும் இத்தாலியின் பாகனினியே நினைவுக்கு வருவார். மேடையில் வியப்பூட்டிய கலைஞர்களின் புகழொளியில், இசைக்குழுவிலும் வகுப்பறையிலும் உழைத்தவர்கள் மறைந்துபோயினர். அவர்களுள் ஒருவரே ஜெர்மானியரான பெர்டினாண்ட் டேவிட். தம் படைப்புகளைவிட, பிறருடைய இசை செம்மையுறத் துணைநின்றதாலேயே இவர் நிலைபெற்றார் என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

டேவிட் 1810ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அதே வீட்டில்தான் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சன் பிறந்தார். 1823இல் டேவிட் காசல் நகருக்குச் சென்று, லூயி ஸ்போரிடம் வயலின் பயின்றார். வயலினில் முகவாயைத் தாங்கும் சிறு பலகையை உருவாக்கியவர் இந்த ஸ்போரே. பின்னர் பெர்லின் அரங்கிசைக் குழுவில் பணியாற்றியபோது மெண்டல்சனுடன் டேவிட்டின் நட்பு வலுப்பெற்றது. 1829 முதல் சில ஆண்டுகள், இன்று எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகரில், ஒரு பிரபுவின் நால்வர் இசைக்குழுவை நடத்தினார். அப்பிரபுவின் மகளையே மணந்தார்.

லைப்சிக் நகரில்

1835இல் மெண்டல்சன் லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுக்குத் தலைமையேற்றார். மறு ஆண்டே டேவிட் அக்குழுவின் முதன்மை வயலின் கலைஞரானார். 1873இல் இறக்கும்வரை, 37 ஆண்டுகள் அப்பொறுப்பில் நிலைத்திருந்தார்.

1838இல் மெண்டல்சன் டேவிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஈ மைனரில் ஒரு வயலின் கான்செர்ட்டோவின் தொடக்கம் தம் மனத்தில் ஓயாமல் ஒலிப்பதாக அதில் குறிப்பிட்டார். ஆனால், அப்படைப்பு நிறைவுற 1844 செப்டம்பர் வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வயலின் நுட்பங்கள் பற்றி மெண்டல்சன் இவரிடம் ஆலோசனை கேட்டார். எழுதி முடித்த பின்னும் கேட்டுத் திருத்தினார்.

இங்கு 'கடென்சா' என்னும் பகுதி கவனிக்கத்தக்கது. இசைக்குழு அமைதியாக, வயலின் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் இது. வழக்கமாக அது ஒரு பாகத்தின் இறுதியில் வரும்; கலைஞர் தம் விருப்பப்படி வாசிப்பார். மெண்டல்சனோ அதனை முதற்பாகத்தின் நடுவில் வைத்து, இசைக்குறிகளையும் முழுமையாக எழுதினார். தனி வயலினின் வில் நரம்புகளின்மீது துள்ளிக்கொண்டிருக்கும்போதே, இசைக்குழு முதல் மெட்டுடன் மீண்டும் நுழைகிறது. வயலின் பயிலும் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவ்விடத்தில் கலைஞர் தம்மை முன்னிறுத்த முடியாது, குழுவுக்கு வழிவிட்டுத் தாளம் காக்க வேண்டும். 1845 மார்ச் 13ஆம் நாள் இதனை முதன்முதலில் வாசித்தவர் டேவிட்டே. மெண்டல்சன் உடல்நலம் குன்றியிருந்ததால் நீல்ஸ் காடே குழுவை நடத்தினார்.

ஆசிரியர் டேவிட்

1843இல் மெண்டல்சன் லைப்சிக்கில் இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது, டேவிட் அதன் வயலின் ஆசிரியரானார். அதே ஆண்டில் 12 வயதுச் சிறுவனாக அந்நகருக்கு வந்த ஜோசப் யோவாகிம் இவரது வழிகாட்டலில் வளர்ந்தார். ஆகஸ்ட் வில்ஹெல்மியும் இவருடைய மாணவரே.

பாக் தனி வயலினுக்கு எழுதிய ஆறு படைப்புகளை டேவிட் 1843இல் மாணவர்களுக்காகப் பதிப்பித்தார். அதில் தமது வில் வீச்சுக் குறிகளையும் விரல் எண்களையும் சேர்த்ததோடு, மூலத்தையும் அடியில் சிறிய குறிகளில் அச்சிட்டார். என் வழி இது. வேண்டுமாயின் நீ உன் வழியைத் தேடிக்கொள் என்று மாணவனிடம் சொல்லும் பதிப்பு அது. ஆசிரியரின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

எனினும், அவர் எப்போதும் இந்நெறியில் நிற்கவில்லை. 1867 முதல் வெளியிட்ட பழம்படைப்புகளின் தொகுப்பில் தம் விருப்பப்படி பல மாற்றங்களைச் செய்தார். அத்தொகுப்பு வழியே புகழ்பெற்ற விட்டாலியின் 'சக்கோன்', உண்மையில் விட்டாலியுடையதுதானா என்ற ஐயம் இன்றும் நிலவுகிறது. மறைந்துகிடந்த இசையை மீட்டவர் என்று அவரைப் போற்றும் நாம், இக்குறையையும் மறைக்கலாகாது.

படைப்புகள்

டேவிட் ஐந்து வயலின் கான்செர்ட்டோக்களை இயற்றினார். அவை இன்று அரிதாகவே ஒலிக்கின்றன. ஆனால், டிராம்போன் எனும் ஊதுகருவிக்காக அவர் எழுதிய கான்செர்ட்டினோ, இன்றும் இசைக்குழுத் தேர்வுகளில் டிராம்போன் கலைஞர்கள் வாசித்துக் காட்ட வேண்டிய படைப்பாக உள்ளது. வயலின் மேதையின் பெயரை டிராம்போன் கலைஞர்கள் காத்துவருவது வியப்பன்றோ! அவர் வாசித்த குவார்னேரி வயலினும் பிற்காலத்தில் புகழ்பெற்ற யாஷா ஹைபெட்சின் கைக்குச் சென்றது.

முடிவுரை

1873 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் குலோஸ்டர்ஸ் மலைப்பகுதியில் டேவிட் காலமானார். மெண்டல்சனின் கான்செர்ட்டோ இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. நிகழ்ச்சி நிரலில் டேவிட்டின் பெயர் இராது. ஆயினும் அந்தக் கடென்சாவில் அவரது உழைப்பு ஒலிக்கிறது. அடுத்தமுறை அதனைக் கேட்கும்போது, நண்பர்களே, அந்த ஆசானையும் ஒருகணம் நினைவுகூர்வோம்.