பேத்திக்கு மாதவிடாய் வலியா? மருந்தில்லாமல் என்ன செய்யலாம்?

மாதவிடாய் நாள்களில் உங்கள் மகளோ பேத்தியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாளா? அது பாசாங்கு அல்ல. உட்படலத்தை வெளியேற்றக் கருப்பை இறுகிச் சுருங்குகிறது. அதைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் மிகுந்தால் வலியும் மிகும்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• ஒத்தடம்: சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றி, அடிவயிற்றில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நீங்கள் அறிந்த இம்முறை வலியைக் குறைப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. கொதிநீர் ஊற்றாதீர்கள்; தோல் வெந்துவிடும். பையுடன் தூங்கவும் வேண்டாம்.

• உடற்பயிற்சி: வேகநடை, யோகா போன்றவற்றை வாரம் 3 முறை, 45 முதல் 60 நிமிடம் செய்து வந்தால் வலி குறையும். "இந்த நாளில் ஆடி ஓடாதே" என்று தடுக்காதீர்கள்.

• குளியல்: வெதுவெதுப்பான நீரில் குளிப்பது இதமளிக்கும். தலைக்கும் குளிக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

• வலியால் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாதபோது
• வலி வரவர மோசமானால்
• ஒவ்வொரு மணி நேரமும் பேட் மாற்ற நேர்ந்தால், அல்லது 7 நாளுக்கு மேல் உதிரம் நீடித்தால்

இதற்கு எண்டோமெட்ரியோசிஸ் காரணமாக இருக்கலாம். உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் இது. உலகில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு இது உள்ளது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

வலி வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்து, அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள மகப்பேறு, பெண்நோய் நிபுணரிடம் அனுப்புவார்கள்.