மங்கிய வண்ணத்திற்கு மீண்டும் மெருகு

மைசூர் நகருக்கும் வண்ணத் தொழிலுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1937-ஆம் ஆண்டில், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிக் காலத்தில், அரக்கும் வண்ணமும் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று அங்கு நிறுவப்பெற்றது. இன்று ‘மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ்’ என வழங்கும் அந்நிறுவனமே, 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல், வாக்காளர் விரலில் இடப்படும் அழியா மையைத் தயாரித்து வருகின்றது. அந்நகரிலேயே 1960-ஆம் ஆண்டில் தோன்றிய ஐடியல் ஜாவா நிறுவனம், செக்கோஸ்லோவாக்கிய நாட்டு அமைப்பைத் தழுவிய ஜாவா மோட்டார் சைக்கிள்களையும், பின்னர் யெஸ்டி வண்டிகளையும் உற்பத்தி செய்து, 1996-இல் மூடப்பட்டது.

தந்தை ஓட்டிய அவ்வண்டிகளை மகன் பேணிவரும் வீடுகள் இன்றும் உள. தொழிற்சாலையில் பூசப்பெற்ற வண்ணம் அவற்றில் எஞ்சியிருப்பின் அஃது அரிய செல்வமாகும். ஆயினும், மங்கியதைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தால் மிகுதியாகத் தேய்த்து, அச்செல்வத்தை ஒரே நாளில் இழப்போர் பலர். விரலில் இட்ட மை, தோல் புதுப்பிக்கப்பட்டு நகம் வளருங்கால் மறைகின்றது. அடியில் புதுத்தோல் உண்டு. வண்டியின் வண்ணமோ வளர்வதில்லை. தேய்த்து நீக்கியது நீங்கியதே. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

மெருகு என்பது யாது?

வழவழப்பான பரப்பின்மீது விழும் ஒளி, கண்ணாடியில் போன்று ஒரே திசையில் திரும்புகின்றது. அதனையே நாம் மெருகு என்கிறோம். நுண்ணிய மேடுபள்ளங்கள் தோன்றிவிடின் ஒளி பல திசைகளிலும் சிதறுகின்றது. பரப்பு வெளிறித் தோன்றுகின்றது. மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் நிறம் போனமையன்று; பரப்பின் ஒழுங்கு கெட்டமையே.

வண்ணப் படலத்தில் நிறப்பொடியும், அதனைப் பிணைக்கும் பிசினும் உள்ளன. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் மேற்பரப்பிலுள்ள பிசினைச் சிதைக்கின்றன. பிணைப்பிழந்த பொடி, சுண்ணாம்பு போல் வெளிப்படுகின்றது. இதனுடன் புழுதித் துடைப்பால் விழும் கீறல்களும், பறவை எச்சத்தின் அமிலமும், பெட்ரோல் தொட்டியின் பக்கங்களில் முழங்கால் உரசுவதும் சேர்ந்து மெருகைக் கெடுக்கின்றன.

வண்டியின் வண்ணப் பூச்சு முழுவதும் சேர்ந்து, ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. எழுதும் தாள் ஒன்றின் கனமும் ஏறக்குறைய அவ்வளவே. அத்தாளின் மேற்புறத்தை மட்டும் சீவுவதே மெருகேற்றும் வேலை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தேய்க்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, நீர்ச் சோதனை. கழுவி உலர்ந்த மங்கிய இடத்தில் சில துளி நீரைத் தடவுக. மெருகு உடனே தோன்றி, உலர்ந்தபின் மறைந்தால், குறை மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. நீர் பள்ளங்களை நிரப்பி ஒளிச் சிதறலைத் தடுத்ததே அதற்குக் காரணம்.

இரண்டாவது, துணிச் சோதனை. வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் இட்டு, மறைவான ஓர் இடத்தில் மெதுவாகத் தேய்க்கவும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், நிறப்படலமே மேலாக உள்ளது என்று அறியலாம். பழைய வண்டிகள் பல இத்தகையன. நிறம் ஏறாவிடின், பட்டறைகளில் ‘கிளியர்’ எனப்படும் நிறமற்ற பூச்சு மேலே உள்ளது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, நகச் சோதனை. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கால் அது தட்டி நின்றால், கீறல் ஆழமானது. தேய்த்து நீக்க முயலலாகாது. கிளியர் பூச்சு தோல்போல் உரிந்திருப்பினும் தேய்ப்பதால் பயனில்லை, மறுபூச்சே வழி. பளபளப்பின்றியே தயாரிக்கப்படும் ‘மேட்’ வண்ண வண்டிகளுக்குப் பாலிஷ் கூடவே கூடாது.

வேலை முறை

எஞ்சின் ஆறியபின், வண்டியை நிழலில் நிறுத்தவும். முதலில் நீரை ஊற்றிப் புழுதியை நீக்கிய பின்னரே துணி படவேண்டும். உலர்ந்த புழுதியைத் துடைப்பது மணற்காகிதத்தால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். சலவைத்தூளைத் தவிர்த்து, வாகனங்களுக்குரிய மென்மையான ஷாம்பூவைப் பயன்படுத்துக. இரு வாளிகள் வேண்டும்: ஒன்று சோப்பு நீருக்கு, மற்றொன்று துணியை அலசுவதற்கு. பின்னர் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துக.

அடுத்து, மூலைமுடுக்குகளையும் தீட்டப்பெற்ற கோடுகளையும் ஒட்டுத்தாளால் மறைக்கவும். விளிம்புகளில் படலம் மெலிந்திருப்பதோடு, அழுத்தமும் அங்கே குவியும். ஆதலின் உலோகம் முதலில் வெளிப்படுவது அவ்விடத்திலேயே.

மிக மென்மையான பாலிஷில் தொடங்குக. பழைய பனியன் துணியில் சிறிதளவு எடுத்து, ஒரு சாண் பரப்பில் மட்டும் இலேசாகத் தேய்த்துத் துடைத்துப் பார்க்கவும். போதிய மெருகு வந்திருப்பின் அங்கேயே நிறுத்துக. வராவிடின் மட்டுமே, சற்றுக் கரடான ரப்பிங் காம்பவுண்டைச் சிறிதளவு பயன்படுத்தி, மீண்டும் மென்மையான பாலிஷால் முடிக்கவும். நீர்த்தாள் எனப்படும் ‘வாட்டர் பேப்பரை’ப் பழகாதவர் தொடாமலிருப்பதே நன்று. துணியில் திடீரென வேறு நிறம் தோன்றினால், அடிப்பூச்சு வந்துவிட்டது, உடனே நிறுத்துக.

இறுதியாக, மெழுகுக் காப்பு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றன் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னூபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. மெல்லியதாகத் தடவி, வெண்மையாக மங்கியபின் துடைத்தெடுக்கவும். மெழுகு புதிய வண்ணத்தை உண்டாக்குவதில்லை. நீரையும் அழுக்கையும் ஒட்டாமல் தடுக்கின்றது. சில மாதங்களுக்கொருமுறை இதனைப் புதுப்பித்தால், தேய்க்கும் தேவை குறையும். பிரேக், டயர், இருக்கை, மிதிகட்டை ஆகியவற்றில் மெழுகு படுதல் ஆபத்தாகும்.

மயக்கும் மெருகு

டீசலோ தேங்காயெண்ணெயோ தடவினால் வண்டி அந்நேரத்திற்குப் பளபளக்கும். இது நீர்ச் சோதனையில் கண்ட விளைவே, குறை நீங்கியதன்று. எண்ணெய்ப் பசையில் புழுதி படிந்து, அடுத்த துடைப்பில் புதிய கீறல்கள் விழும். டீசல் ரப்பர்ப் பாகங்களையும் கெடுக்கும். பற்பசையில் தேய்க்கும் பொடி இருப்பதால் சிறு கீறல் மறைவதுண்டு. ஆனால் அதன் கரட்டுத்தன்மை நமக்குத் தெரியாது. அரிய வண்ணத்தின்மீது அதனைச் சோதித்தல் தகாது.

களப் பணியாளர்களுக்கு ஒரு சொல்: நாள்தோறும் வெயிலில் நிற்கும் வண்டிக்குச் சிறந்த மெருகு நிழலே. பறவை எச்சத்தைக் கண்டவுடன் நீரில் ஊறவைத்து நீக்குவதும், அதற்கடுத்த பாதுகாப்பாகும்.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் சொரசொரப்பான கண்ணாடித் துண்டு ஒன்றன் சொரசொரப்பான பக்கத்தில் நீரைத் தடவி, அப்பாலுள்ள எழுத்து தெளிவதை மாணவர்க்குக் காட்டலாம். பின்வரும் வினாக்களையும் எழுப்பலாம்.

1. நீர் உலர்ந்தபின் கண்ணாடி மீண்டும் மங்குவது ஏன்?
2. மெழுகு பூசுவதற்கும் காம்பவுண்டால் தேய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. விரல் மை மறைவதற்கும் வண்ணம் தேய்வதற்கும் உள்ள வேற்றுமையை விளக்குக.

மூன்றாம் வினாவிற்குச் சரியான விடை தரும் மாணவன், தன் வீட்டு வண்டியை அளவறிந்து பேணுவான் என்பதில் ஐயமில்லை.